மலிவுக் கிரைண்டரா, விலைகூடின கிரைண்டரா? வன்னியிலை அடிக்கடி கேக்கிற கேள்வியள்

பரந்தன் பக்கம் மிசின் பழுது பாக்கிற எங்கட மேசைக்கு வாறதிலை பாதி ஆங்கிள் கிரைண்டர்தான், டிஸ்க் பூட்டி இரும்பு, ரைல்ஸ் வெட்டவும் தேய்க்கவும் கையிலை பிடிக்கிற மிசின். கேற், கிறில் அடிக்கிற கடைக்காரர், ட்ரக்டர் பெட்டி வெல்டிங் பண்ணி ஒட்டுற கராஜ், ரைல்ஸ் பதிக்கிற பெடியள், வீட்டிலை ஒண்டு வைச்சிருக்கிற கமக்காரர் எண்டு எல்லாரும் கொண்டுவருவினம், கேக்கிறதும் ஏறக்குறைய ஒரே கேள்வியள்தான். புதுசா வாங்கப்போற ஆக்களுக்கும் உதவும் எண்டு எல்லாத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறன்.

அண்ணை, விலைகூடினதை வாங்கினால் உண்மையிலை கனகாலம் நிக்குமோ, இல்லாட்டி பேருக்குத்தான் காசு குடுக்கிறமோ?

கனகாலம் நிக்கும். ரெண்டையும் பக்கத்திலை வைச்சுக் கழட்டிப் பாத்தால் ஏன் எண்டு விளங்கும். வெளியிலை ரெண்டும் ஒரேமாதிரித்தான், அதே பிளாஸ்ரிக் உடம்பு, முன்னுக்கு அலுமினியம் தலை. உள்ளுக்கைதான் வித்தியாசம். முதல் ஆமேச்சரை, அதுதான் மோட்டருக்கை சுத்திற கம்பிச்சுத்துத் துண்டைப் பாருங்கோ, நல்ல மிசினிலை கம்பிச் சுத்துக்கு மேலை வார்னிஷ் தடிப்பா ஏத்தி இருக்கும், மகிற்றாக் கொம்பனிக்காரர் அந்த வார்னிஷை வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி ஏத்துறது தூசு வந்து கம்பியிலை உரசாமல் இருக்கத்தான். மலிவிலை அது மெல்லிசு, சிலதிலை கம்பி வெறுமனையே தெரியும். அடுத்தது பேரிங், நல்லதிலை றபர் சீல் போட்டது, அதுக்கு மேலை தூசு நேரை போகாமல் மடிப்பு மடிப்பா மறைப்பு இருக்கும், மலிவிலை வெறும் தகர மூடி போட்ட பேரிங், அதுக்கை சீமெந்துத் தூசு போனால் கொஞ்ச நாளிலை கிர்ர் எண்டு கத்தத் தொடங்கும். கியர்ப் பல்லின்ர பதம், சுவிச்சுக்கை தூசு போகாத மூடி, வயர் உடம்புக்கை போற இடத்திலை இருக்கிற றபர்க் குழாய் எண்டு சின்னச் சின்னதாக் கன விசயம் இருக்கு.

ஆனால் எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய விசயம் பாட்ஸ். நல்ல மிசினிலை ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் இருக்கு, ஆமேச்சர் வேணும் எண்டால் நம்பரைச் சொல்லி வவுனியாவிலையோ யாழ்ப்பாணத்திலையோ எடுப்பிக்கலாம், இல்லாட்டி கொழும்பிலை இருந்து பஸ்ஸிலை போட்டுவிடுவினம். மலிவு மிசின் சிலதிலை ஒரே பேரிலை இந்த வருசம் வாறதும் அடுத்த வருசம் வாறதும் உள்ளுக்கை வேற வேற, பழைய கியர் புதுசுக்குப் பொருந்தாது. அப்ப பழுதானால் எறியிறதுதான், முழு மிசினும் நல்லா இருக்க ஒரு சின்னக் கியருக்காக எறியவேண்டி வாறது எனக்கு மெத்தக் கவலையான விசயம்.

அப்ப எல்லாரும் விலைகூடினதைத்தான் வாங்கவேணுமோ?

இல்லை. ஒரு நல்ல மிசினின்ர காசுக்கு மலிவு மிசின் ரெண்டு மூண்டு வாங்கலாம். வீட்டிலை வைச்சு மண்வெட்டி தீட்டவும், மாசத்திலை ஒருக்கா ரெண்டுதரம் வேலிக்குக் கம்பி வெட்டவும் எண்டால் மலிவு காணும், ஒழுங்காப் பாவிச்சால் வருசக்கணக்கா நிக்கும். தினமும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஓடுற கடைக்கு நான் ஒருநாளும் மலிவு சொல்லமாட்டன். காலபோக அறுவடை நேரம் நெல்லு வெட்டுற மிசின் வயலுக்கை உடைஞ்சு நிக்குது, நீங்கள் போய் ஒட்டிக் குடுக்கவேணும், அந்த நேரம் கிரைண்டர் கருகினால் போறது கிரைண்டர்க் காசு மட்டுமில்லை, மழை இருட்டிக்கொண்டு நிக்க ஒரு கமக்காரன்ர நெல்லு வயலிலை நிக்கும்.

இடைநடுவிலை ஒரு வழியும் இருக்கு, கடைக்காரர் கனபேருக்கு நான் சொல்லுறது அதுதான். வெட்டுறதுக்கு ஒரு நல்ல மிசின் எடுங்கோ, வயர் பிரஷ் போட்டுக் கறள் எடுக்க, ஃபிளாப் டிஸ்க் போட்டு மெதுவாத் தேய்க்க ஒரு மலிவு எடுங்கோ. ஒவ்வொருக்காவும் டிஸ்க் கழட்டி மாட்டுற மினக்கேடும் இல்லை, ரெண்டிலையும் பாரம் குறையும்.

மலிவிலை 900 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு, நல்லதிலை 710 தான். மலிவுதானே பவர் கூட?

அது மிசின் இழுக்கிற கரண்ட், டிஸ்க்கிலை வாற பலமில்லை. இழுக்கிறதிலை ஒரு பங்கு சூடாப் போகும், எவ்வளவு போகுது எண்டது சுத்தையும் பேரிங்கையும் பொறுத்தது. போதாததுக்கு சிலபேர் பெட்டியிலை நினைச்ச நம்பரை அடிச்சு விடுவினம். வாட்ஸைப் பாத்து வாங்காதேங்கோ, கையிலை தூக்கிப் பாருங்கோ, செம்பும் இரும்பும் குறைச்சுப் போட்டால் பாரம் குறைஞ்சுதான் இருக்கும்.

ஜேர்மனியிலை இருக்கிற மாமா ஒரு மிசின் அனுப்பியிருக்கிறார், இஞ்சை போட்டு ஓட்டலாமோ? கனடாவிலை இருந்து வந்தது எண்டால்?

ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எண்டால் பிரச்சினை இல்லை, அங்கையும் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ்தான், பிளக்கை மட்டும் வெட்டி எங்கட 13 அம்பியர் பிளக் பூட்டுங்கோ. இந்த மிசினை அங்கை ஃபிளெக்ஸ் எண்டுதான் கேப்பினம், 1954 இலை வேகமா ஓடுற ஆங்கிள் கிரைண்டரை முதல் கொண்டுவந்த கொம்பனியின்ர பேர் அப்பிடியே நிண்டிட்டுது. ஒரு விசயம் மட்டும் பாருங்கோ, அங்கை இருந்து வாறது கூடுதலா 115 அல்லது 125 மில்லிமீற்றர், அதாவது நாலரை அல்லது 5 இஞ்சி, டிஸ்க்கின்ர நடு ஓட்டை 22 மில்லிமீற்றர். எங்கட கடையளிலை கூட ஓடுறது 4 இஞ்சி, ஓட்டை 16 மில்லிமீற்றர். 5 இஞ்சி டிஸ்க் கிளிநொச்சி ரவுணிலை எடுக்கலாம், உள்ளுக்கை துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் எண்டு போனால் எல்லாக் கடையிலையும் இருக்காது, அதாலை பெட்டியா வாங்கி வைச்சிருங்கோ.

கனடா, அமெரிக்கா மிசின் 120 வோல்ட். எங்கட பிளக்கிலை போட்டால் ஒருக்கா பேய்ச்சத்தம் போட்டுச் சுத்திப்போட்டு ஆமேச்சர் கருகிப் போகும். லண்டனிலை இருந்து மஞ்சள் பிளக்கோடை வாறதுகளும் 110 வோல்ட், கட்டிட வேலைக்கு அங்கை அப்பிடித்தான் பாவிக்கிறவை. ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டலாம், ஆனால் அது மிசினின்ர வாட்ஸை விடக் கூடத் தாங்கக்கூடியதா இருக்கவேணும், அதின்ர காசைப் பாத்தால் இஞ்சையே ஒண்டு வாங்கியிருக்கலாம் போலை இருக்கும். பெட்டி கட்டமுதல் உறவுக்காரரிட்டை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ, லேபலிலை 230 எண்டு இருக்கோ எண்டு பாக்கச்சொல்லி.

எங்கட பக்கம் பின்னேரத்திலை கரண்ட் சரியான லோ. அதாலை மிசின் பழுதாகுமோ?

ஆகும், வன்னியிலை ஆமேச்சர் கருகுறதுக்கு நான் காணுற பெரிய காரணங்களிலை இது ஒண்டு. ட்ரான்ஸ்போமரிலை இருந்து தூரத்திலை, லைன் முடியிற இடத்திலை இருக்கிற வீடுகளிலை 230 வரவேண்டிய இடத்திலை நல்லாக் குறைஞ்சுபோய் வரும். வோல்டேஜ் குறைய மிசினின்ர வேகம் குறையும், வேகம் குறைஞ்சால் உள்ளுக்கை இருக்கிற ஃபேன் அடிக்கிற காத்தும் குறையும், வெட்டு ஏறேல்லை எண்டு நாங்கள் போட்டு அழுத்துவம், அழுத்த அழுத்தக் கரண்ட் கூட இழுக்கும், சூடு கூடும், ஆத்திறதுக்குக் காத்து இல்லை. இப்பிடித்தான் கருகுறது. நல்ல மிசினும் இதுக்கை தப்பாது, கொஞ்ச நேரம் கூடத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது எக்ஸ்ரென்சன் வயர். வளவின்ர மூலையிலை கேற் பூட்டுறதுக்கு 50 மீற்றர் மெல்லிசு வயர் இழுத்துப்போட்டு 9 இஞ்சி மிசினைக் கொழுவுறவை இருக்கினம். கணக்குப் பாருங்கோ, 2200 வாட்ஸ் மிசின் 9, 10 அம்பியர் இழுக்கும், 0.75 சதுர மில்லிமீற்றர் வயரிலை 50 மீற்றர் போனால் வயருக்கையே 20 வோல்டுக்கு மேலை தொலைஞ்சுபோகும், 2.5 வயர் எண்டால் 7 வோல்ட் அளவிலை நிக்கும். ஏற்கனவே லோவா வாற கரண்டிலை இன்னும் 20 போனால் என்ன மிஞ்சும்? சின்ன 4 இஞ்சிக்கு 1.5 வயர் காணும். சுருட்டி வைச்சபடி ஓட்டாதேங்கோ, முழுக்க விரிச்சுப் போடுங்கோ, சுருளுக்கை வயர் சூடேறி உருகின சம்பவம் கனக்க.

வெல்டிங் பிளான்டும் கிரைண்டரும் ஒரே லைனிலை எண்டால் ஒராள் ஒட்டேக்கை மற்றவர் வெட்டாதேங்கோ, ஒவ்வொரு பொறிக்கும் கிரைண்டர் தாழ்ந்து எழும்புறது காதுக்கே கேக்கும். ஜெனரேற்றரிலை ஓட்டுறதெண்டால் அது மிசின் வாட்ஸிலும் ரெண்டு மடங்கு அளவிலை இருந்தால் நல்லது, ஸ்ராட் பண்ணேக்கை இழுக்கிற இழுவை பெரிசு.

தூசு எடுக்கிறது எப்பிடி? எவ்வளவு நாளைக்கு ஒருக்கா?

காத்துப் பின்பக்கத்தாலை உள்ளுக்கை போய் மோட்டருக்கு மேலாலை ஓடி முன்பக்கத்தாலை வெளியிலை வரும், மோட்டர் ஆறுறது அதாலைதான். இரும்பு வெட்டினால் இரும்புத்தூள், ரைல்ஸ் வெட்டினால் மாவு மாதிரித் தூசு, கோடையிலை கிரவல் ரோட்டுப் புழுதி, எல்லாத்தையும் மிசின் தானே உறிஞ்சி எடுக்கும். சீமெந்துத் தூசு கம்பியின்ர வார்னிஷை அரம் மாதிரி அராவும். இரும்புத்தூள் அதைவிட ஆபத்து, அது கரண்ட் கடத்தும். லேபலிலை சதுரத்துக்குள்ளை சதுரம் போட்டிருக்கும் பாருங்கோ, ரெட்டைக் காப்பு எண்டு அர்த்தம், அதாலைதான் எர்த் வயர் இல்லாமல் வருது, ஆனால் உள்ளுக்கை இரும்புத்தூள் அப்பியிருந்தால் அந்தக் காப்பை நம்ப ஏலாது. பிளக் பண்ணினவுடனை ட்ரிப் சுவிச் விழுந்தால் ட்ரிப்பைக் குறை சொல்லாதேங்கோ, மிசினைத் திறந்து பாருங்கோ. ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டிலை கிரைண்டர் பாவிக்கவே வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

செய்யவேண்டியது லேசு. டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு மிசினை ஓட விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, கொம்பிரஸர் காத்தைக் குறைச்சு வைச்சு, கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பின் ஓட்டையளாலை அடியுங்கோ, உள்ளை இருக்கிறது முன்னுக்காலை புகைமாதிரி வரும். மிசின் நிக்கேக்கை நல்லாக் கிட்டப் பிடிச்சு வேகமா அடிச்சால் தூசு பேரிங்குக்கையும் சுவிச்சுக்கையும்தான் போய் இறுகும். வேலைத்தளத்திலை தினமும் பின்னேரம் செய்யுங்கோ, ரைல்ஸ் வெட்டுறவை மத்தியானமும் ஒருக்கா. கொம்பிரஸர் இல்லையெண்டால் ரோட்டோரம் ரயர் கடையிலை ஒரு நிமிச வேலை.

வெட்டி முடிஞ்ச கையோடை சுவிச்சை நிப்பாட்டாமல் ஒரு நிமிசம் சும்மா ஓட விடுங்கோ, ஃபேன் சூட்டை இழுத்து வெளியிலை விடும். கனபேர் இதைச் செய்யிறேல்லை.

காபன் எப்ப மாத்திறது? எந்தக் காபனும் போடலாமோ?

காபன் எண்டது ஆமேச்சரின்ர செம்பு வளையத்திலை உரசிக் கரண்ட் குடுக்கிற கரிக்கட்டை. ஓட்டையாலை பாக்கேக்கை நீலப்பொறி கூடத் தெரிஞ்சால், இடையிலை நிண்டு தட்டினால் ஓடினால், காபன் முடியுது. கழட்டிப் பாருங்கோ, அதிலை கோடு இருந்தால் கோடு வரைக்கும், இல்லாட்டி 5, 6 மில்லிமீற்றருக்கு வரமுதல் மாத்துங்கோ. நல்ல மிசின் சிலதின்ர காபனுக்குள்ளை ஒரு சின்ன முனை ஸ்பிரிங்கோடை இருக்கும், காபன் தேய்ஞ்சவுடனை அது வெளியிலை வந்து காபனைத் தூக்கி மிசினைத் தானா நிப்பாட்டும். இது தெரியாமல் மிசின் செத்துப்போச்சு எண்டு வித்தவையும் இருக்கினம். மலிவிலை அது அனேகமா இல்லை, ஸ்பிரிங் வந்து செம்பிலை உரசுமட்டும் ஓடும், அதோடை ஆமேச்சரும் போச்சு.

எப்பவும் சோடியா மாத்துங்கோ. பழசைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு பாத்து, கூட்டுக்கை இறுகாமலும் ஆடாமலும் போறதா எடுங்கோ. டோர்ச் பற்றரிக் கரியைத் தேய்ச்சுப் போடுற பழக்கம் சில இடத்திலை இன்னும் இருக்கு, ஒண்டும் எடுக்க ஏலாத காலத்திலை அது சரி, இப்ப ரெண்டு தேத்தண்ணிக் காசுக்குக் கிட்ட வாற சாமானுக்காக ஆமேச்சரைப் பலி குடுக்கத் தேவையில்லை. புதுசு போட்டால் பத்து நிமிசம் பாரமில்லாமல் ஓட விடுங்கோ, வளைவுக்குப் படிஞ்சு வரும்.

ஆமேச்சர் கருகிட்டுது. திருப்பிக் கம்பி சுத்தலாமோ?

4 இஞ்சி எண்டால் புது ஆமேச்சர் போடுங்கோ, கூலியும் மினக்கேடும் பெறாது, அதோடை இவ்வளவு வேகத்திலை சுத்திற சாமான், பாரம் ஒருபக்கம் கூடினால் பேரிங்கையும் சாப்பிட்டுவிடும். 7, 9 இஞ்சிக்கு நல்ல வைண்டிங்காரர் இருந்தால் சுத்தலாம். மாத்தமுதல், ஆமேச்சரைச் சுத்தி அசையாமல் நிக்கிற ஃபீல்ட் கொயிலும் கருகியிருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ, ரெண்டும் போயிருந்தால் மலிவு மிசினிலை காசு போடவேண்டாம். செம்பு வளையத்தைச் சுத்தி முழு வட்டமா நெருப்பு ஓடினால் கம்பிச்சுத்து ஷோட், காபன் மாத்திப் பிரயோசனம் இல்லை.

கியர் சத்தம் போடுது, கிரீஸ் அடிச்சால் காணுமோ?

பழைய கிரீஸைப் பெற்றோல் தொட்டுக் கழுவாமல் துணியாலை வடிவாத் துடைச்செடுங்கோ, பல்லைப் பாருங்கோ, நுனி உடைஞ்சிருந்தால் சின்னதையும் பெரிசையும் சோடியா மாத்துங்கோ. கிரீஸ், கியர் இருக்கிற அலுமினியத் தலையின்ர அரைவாசி அளவுக்குக் காணும், நிறைச்சு அடைச்சால் சூடாகி இளகி மோட்டர்ப் பக்கம் வரும். மலிவு மிசின் புதுசா வாங்கினவுடனை தலையின்ர நாலு திருகாணியைக் கழட்டி ஒருக்காப் பாக்கிறது நல்லது, சிலதிலை பேருக்கு ஒரு பொட்டுத்தான் வைச்சு விடுவினம்.

4 இஞ்சி மிசினிலை காட்டை (டிஸ்க்கை மறைக்கிற கவசத்தை) கழட்டிப்போட்டு 7 இஞ்சி டிஸ்க் போடுறவை, பிழையோ?

பெரும்பிழை. தரமான வெட்டுற டிஸ்க்கின்ர விளிம்பு தாங்கிற வேகம் செக்கனுக்கு 80 மீற்றர். 4 இஞ்சி மிசின் நிமிசத்துக்கு 11000 சுத்துச் சுத்தும், அதிலை 180 மில்லிமீற்றர் டிஸ்க்கைப் போட்டால் விளிம்பு 100 ஐத் தாண்டிப் போகும். அது எந்த நேரமும் வெடிச்சுப் பறக்கலாம், மறைக்கிறதுக்கு இருந்த காட்டும் கழட்டியாச்சு. மிசினுக்கும் கூடாது, அந்தக் கியர் அந்தப் பாரத்துக்குச் செய்ததில்லை.

முதிரை, பாலை மரம் வெட்டவெண்டு பல்லு வைச்ச மரவாள் பிளேட்டைப் பூட்டுறதும் இதே மாதிரித்தான், மரத்திலை கடிச்சவுடனை மிசின் கையை விட்டுத் துள்ளும், துடையிலையும் கழுத்திலையும் வெட்டு விழுந்த ஆக்களை ஆஸ்பத்திரியிலை கேட்டுப் பாருங்கோ. டிஸ்க்கின்ர நடுத் தகர வளையத்திலை திகதி அடிச்சிருக்கும், செய்து 3 வருசம் வரைதான் கணக்கு. மாரியிலை நனைஞ்ச டிஸ்க்கைக் காயவிட்டுப் போடாதேங்கோ, எறியுங்கோ.

பழைய இரும்பு வெட்டுற வேலை, அதுக்கு எந்த மிசின் நல்லம்?

மிசினுக்கு முதல் வேற ஒண்டு சொல்லவேணும். எங்கட மண்ணுக்கை இன்னும் வெடிக்காத சாமான் கிடக்கு, மிதிவெடி எடுக்கிற ஆக்கள் இப்பவும் வேலை செய்துகொண்டுதான் இருக்கினம். கறள் பிடிச்ச உருளை, குழாய், மூடி உள்ள சாமான், என்னெண்டு தெரியாத எதையும் கிரைண்டரிலை வைக்காதேங்கோ. செம்பு, பித்தளை ஆசையிலை பெடியள் வெட்டப்போய் உயிர் போன இடம் இது. தொடாமல், ஆக்களைக் கிட்ட விடாமல், 119 க்கு அடிச்சுச் சொல்லுங்கோ. பெற்றோல் பரல், காஸ் சிலிண்டரும் அப்பிடித்தான், வெறுமை எண்டு நினைக்கிறதுக்கை ஆவி நிக்கும், ஒரு பொறி காணும்.

மற்றும்படி தெரிஞ்ச இரும்பு எண்டால் தினமும் ஓடுற வேலை, தடிப்பான இரும்பு, நல்ல மிசின்தான் எடுக்கவேணும்.

பற்றரி மிசின் எப்பிடி?

வயலுக்கை, கரண்ட் இல்லாத காணியிலை நல்ல உதவி. நாள் முழுக்க வெட்டுறவைக்கு ரெண்டு மூண்டு பற்றரி வேணும், பற்றரிக்குத்தான் கன காசு போகும். வெய்யிலுக்கை லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு ட்ரக்டர்) பெட்டியிலை போட்டு வைச்சால் பற்றரி கெதியாச் சாகும்.

போலியை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நீலம், பச்சை எண்டு நிறத்தைப் பாத்து வாங்காதேங்கோ, நிறத்தை எவனும் அடிப்பான். விலை நம்பேலாத அளவுக்குக் குறைவெண்டால், லேபல் நகத்தாலை சுரண்ட வந்தால், சீரியல் நம்பர் பெட்டியிலை ஒண்டு மிசினிலை ஒண்டு எண்டால் விடுங்கோ. அந்த மாடலுக்கு எண்டு வாற காபனை வாங்கிப் பூட்டிப் பாருங்கோ, போலியிலை சிலநேரம் அளவு பொருந்தாது. பில்லும் வாரன்ரிக் காட்டும் இல்லாமல் எடுக்கவேண்டாம், ஆனால் காபன் தேய்ஞ்சதும் பாரம் கூடிக் கருகினதும் அனேகமா வாரன்ரிக்கை வராது எண்டதையும் தெரிஞ்சு வாங்குங்கோ.

வெள்ளத்துக்கை கிடந்த மிசின், எறியிறதோ?

2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்தக் கேள்வி கனக்க வந்தது. ஓடுதோ எண்டு பாக்க பிளக்கிலை போடாதேங்கோ, அதிலைதான் முழுசாப் போறது. முழுக்கக் கழட்டி, சேற்றை நல்ல தண்ணியாலை கழுவி, ஆமேச்சரையும் ஃபீல்ட் கொயிலையும் காத்துப் பிடிக்கிற இடத்திலை நாலைஞ்சு நாள் காயவிடுங்கோ, நெருப்புக்குக் கிட்ட வைச்சால் வார்னிஷ் வெடிக்கும். பேரிங் எல்லாம் புதுசு போடுங்கோ, கிரீஸ் மாத்துங்கோ, சுவிச்சும் மாத்தினால் நல்லது. பிறகு கம்பிக்கும் உடம்புக்கும் இடையிலை கரண்ட் கசியுதோ எண்டு மெகர் (காப்பு அளக்கிற மீற்றர்) வைச்சிருக்கிற ஆளிட்டைப் பாத்துப்போட்டு ட்ரிப் சுவிச் உள்ள லைனிலை ஓட்டிப் பாருங்கோ. நல்ல மிசின் இப்பிடிச் செய்து திரும்ப வேலைக்குப் போயிருக்கு. மலிவெண்டால் பேரிங்கும் சுவிச்சும் சேர்ந்து வாற காசைப் பாத்துப்போட்டு முடிவெடுங்கோ, வயரையும் பிளக்கையும் காட்டையும் கழட்டி வைச்சால் அடுத்ததுக்குப் போடலாம்.